வண்டியில் இன்வர்ட்டருக்கு ரிமோட் ஸ்விட்ச்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடமாடும் டிபன் கடை வைத்திருப்பவர், டூர் வேன் ஓட்டுநர், கல்யாண வீடியோ எடுப்பவர், காரிலேயே லேப்டாப்பைத் திறந்து வேலை பார்ப்பவர் என்று வண்டியில் இன்வர்ட்டர் மாட்டுகிறவர்கள் இப்போது நிறைய. ஆள் மாறினாலும் கேட்கும் சந்தேகங்கள் அநேகமாக ஒன்றுதான். அவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். தனியாகச் சொல்லாத இடங்களில் 12 வோல்ட் வண்டி, 230 வோல்ட் தரும் 1000 வாட் இன்வர்ட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. இன்வர்ட்டர்லயே ஆன்-ஆஃப் ஸ்விட்ச் இருக்கே, தனியா இன்னொண்ணு எதுக்கு?

இன்வர்ட்டர் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய பொருள். அதனால் சீட்டுக்கு அடியிலோ, பின்பக்கம் சாமான்களுக்கு நடுவிலோதான் உட்காரும். ஒவ்வொரு தடவையும் குனிந்து கையை விட்டு அணைக்க வேண்டியிருந்தால் யாரும் அணைக்கமாட்டார்கள். அது பாட்டுக்கு ஆன்லேயே கிடக்கும்.

எதுவுமே சொருகாமல் ஆன் செய்து வைத்தாலும் 1000 வாட் இன்வர்ட்டர் அரை ஆம்பியரில் இருந்து ஒரு ஆம்பியர் வரை பேட்டரியில் இழுத்துக்கொண்டே இருக்கும். 0.8 ஆம்பியர் என்று வைத்தால் 24 மணி நேரத்தில் 19 ஆம்பியர்-மணி போய்விடும். சின்ன காரில் இருப்பது 35 ஆம்பியர்-மணி பேட்டரி. சனிக்கிழமை காலை நிறுத்தி ஞாயிறு சாயங்காலம் எடுத்தால் செல்ஃப் அடிக்காது. கை எட்டும் இடத்தில் ஒரு ஸ்விட்ச்சும், ஆன் என்று காட்ட ஒரு விளக்கும் இருந்தால் இது நடக்காது.

2. ரிமோட்னா டிவி ரிமோட் மாதிரியா?

இல்லை. ஒயரில் இணைத்து டேஷ்போர்டில் பொருத்தும் ஸ்விட்ச்தான். கையடக்க ஒயர்லெஸ் ரிமோட்டும் கிடைக்கிறது. ஆனால் அதன் ரிசீவர் எப்போதும் விழித்திருக்க வேண்டும், அதற்கும் பேட்டரி போகும். கையில் இருக்கும் ரிமோட்டின் பட்டன் செல் என்றைக்குத் தீரும் என்றும் சொல்ல முடியாது. வண்டிக்கு ஒயர் ஸ்விட்ச்சே போதும் என்பது என் தீர்மானமான கருத்து.

3. பேட்டரியில இருந்து வர்ற பாசிட்டிவ் ஒயரையே டேஷ்போர்டு வரைக்கும் இழுத்து நடுவுல ஒரு ஸ்விட்ச் போட்டுட்டா வேலை முடிஞ்சுதே?

அதிகமாகக் கேட்கப்படுவதும், வண்டி தீப்பிடிக்க வழி செய்வதும் இந்த யோசனைதான். 1000 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 83 ஆம்பியர். இன்வர்ட்டர் உள்ளே வீணாவதையும் சேர்த்தால் 95 ஆம்பியருக்கு மேல். பேட்டரி இறங்கி 10.5 வோல்ட்டுக்கு வரும்போது அதே 1000 வாட்டுக்கு 110 ஆம்பியர் வரை போகும். வீட்டில் ஏசிக்குப் போடும் ஸ்விட்ச் 16 அல்லது 20 ஆம்பியர் தாங்குவது. அது இங்கே உருகிவிடும்.

ஆம்பியர் தாங்கும் ஸ்விட்ச் கிடைத்தாலும் இது டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம் என்பதை மறக்கக்கூடாது. வீட்டு மின்சாரம் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுப் போவதால், ஸ்விட்ச்சைத் திறக்கும்போது எழும் தீப்பொறி தானாக அணையும். டிசி அப்படிப் பூஜ்யத்துக்கு வருவதே இல்லை. பொறி நீண்டுகொண்டே போய் முனையைத் தின்னும், சில சமயம் இரண்டு முனைகளையும் ஒட்டவைத்துவிடும். ஒட்டிக்கொண்ட ஸ்விட்ச்சை எத்தனை தடவை ஆஃப் பண்ணினாலும் கரண்ட் நிற்காது.

மூன்றாவது காரணம் நீளம். டேஷ்போர்டு வரை போய்த் திரும்ப கூடுதலாக 8 மீட்டர் கேபிள் ஆகிறது என்று வையுங்கள். 35 சதுர மிமீ செம்புக் கேபிளே போட்டாலும் 100 ஆம்பியரில் 0.4 வோல்ட் வழியிலேயே விழும். 40 வாட் சூடாக மாறி உங்கள் தரை விரிப்புக்கு அடியில் போகும். ரிமோட் ஸ்விட்ச்சின் ஒயரில் ஓடுவது சில மில்லி ஆம்பியர்தான். 'விழித்துக்கொள்' என்ற சைகையை மட்டும் அது இன்வர்ட்டருக்குக் கொண்டுபோகும். பெரிய கரண்ட் பேட்டரிக்கும் இன்வர்ட்டருக்கும் நடுவே உள்ள குட்டைக் கேபிளிலேயே இருக்கட்டும்.

4. என் இன்வர்ட்டர்ல ரிமோட்டுக்கு வழி இருக்கான்னு எப்படிப் பாக்குறது?

ஸ்விட்ச் இருக்கும் பக்கத்தைப் பாருங்கள். மூன்று மாதிரிதான் பெரும்பாலும் வரும். முதலாவது, பழைய டெலிபோன் ஒயர் சொருகுவது போன்ற சின்ன சதுரத் துளை. இதற்குக் கம்பெனியே ஒரு பேனலும் ஒயரும் தரும். இரண்டாவது, இரண்டு ஸ்க்ரூ உள்ள சின்ன பச்சை அல்லது கறுப்பு கனெக்டர். சிலவற்றில் இரண்டையும் இணைத்து ஒரு குட்டி ஒயர் ஏற்கெனவே மாட்டியிருக்கும். மூன்றாவது, ரிமோட் என்றோ இக்னிஷன் என்றோ எழுதிய ஒற்றை முனை.

முன்பக்க ஸ்விட்ச்சில் ஆன், ஆஃப், ரிமோட் என மூன்று நிலை இருந்தால் அதை ரிமோட் நிலையில் வைத்தால்தான் வெளி ஸ்விட்ச் வேலை செய்யும். இரண்டு நிலை மட்டுமே உள்ளவற்றில் சில மாடல்கள் மெயின் ஸ்விட்ச் ஆஃபில் இருந்தால்தான் ரிமோட்டைக் கேட்கும், சில ஆனில் இருந்தால்தான் கேட்கும். கையேட்டில் அந்த ஒரு வரியைத் தேடிப் படித்துவிடுங்கள். 'ரிமோட் வேலை செய்யல' என்று வரும் புகார்களில் பல இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

5. ரெண்டு ஸ்க்ரூ இருக்கு. அதுக்கு 12 வோல்ட் கொடுக்கணுமா, இல்ல ரெண்டையும் சேர்த்தா போதுமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். இன்வர்ட்டர்கள் இரண்டு ஜாதி. ஒன்றுக்கு இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்தாலே போதும், வெளியிலிருந்து மின்சாரம் எதுவும் வரக்கூடாது. மற்றொன்றுக்கு அந்த முனையில் வெளியிலிருந்து 12 வோல்ட் வந்தால்தான் ஆன் ஆகும். முதல் ஜாதிக்கு 12 வோல்ட்டைக் கொடுத்தால் கன்ட்ரோல் போர்டு புகைந்துபோகலாம். உள்ளே அந்த முனை 5 வோல்ட்டில் ஓடும் சின்ன ஐசியோடு நேராக இணைந்திருக்கக்கூடும்.

இரண்டையும் ஏற்கும் மாடல்களும் உண்டு. விக்ட்ரானின் பீனிக்ஸ் சிறிய மாடல்களில் 'எச்', 'எல்' என்று இரண்டு முனை இருக்கும். இரண்டையும் சேர்த்தாலும் ஆன் ஆகும், 'எச்' முனையைப் பேட்டரி பாசிட்டிவோடு இணைத்தாலும் ஆகும், 'எல்' முனையை நெகட்டிவோடு இணைத்தாலும் ஆகும். இது அந்த மாடலின் வசதி. இன்னொரு கம்பெனிப் பெட்டியில் இதே மாதிரி கனெக்டரைப் பார்த்துவிட்டு இதே போல் செய்யக்கூடாது.

கையேடு தொலைந்துவிட்டதென்றால், இன்வர்ட்டருக்குப் பேட்டரி இணைப்பு கொடுத்து, அந்தக் குட்டி ஒயர் இருந்தால் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து இரண்டு முனைகளுக்கும் நடுவே அளந்து பாருங்கள். அங்கே ஏற்கெனவே ஏதாவது வோல்ட்டேஜ் காட்டினால் அது பெரும்பாலும் சேர்த்தால் போதும் என்கிற ஜாதி. ஆனால் இது ஓர் அடையாளம்தான், முடிவல்ல. மாடல் எண்ணைச் சொல்லி கம்பெனியிடமோ விற்றவரிடமோ உறுதி செய்த பிறகே ஒயரைத் தொடுங்கள்.

6. சாவி போட்டா தானா ஆன் ஆகணும், எடுத்தா ஆஃப் ஆகணும். எங்க இருந்து லைன் எடுக்கலாம்?

சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஒரு ஃபியூஸ் இடத்திலிருந்து எடுக்கலாம். ஒரிஜினல் ஒயரை அறுத்து ஒட்டவேண்டாம், வாரன்ட்டி பிரச்சினையும் வரும். ஃபியூஸ் பாக்ஸில் சொருகும் 'ஃபியூஸ் டேப்' கிடைக்கிறது. அதில் 1 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு, 0.75 அல்லது 1 சதுர மிமீ ஒயர் இழுத்தால் இந்தச் சைகைக்குத் தாராளம்.

ஏர்பேக், ஏபிஎஸ், எஞ்சின் கன்ட்ரோல் யூனிட் ஆகியவற்றின் ஃபியூஸ்களைத் தொடவே வேண்டாம். பாட்டு செட், சிகரெட் லைட்டர் மாதிரி உயிருக்குச் சம்பந்தமில்லாதவற்றைத் தேர்ந்தெடுங்கள். இவற்றில் பல, செல்ஃப் அடிக்கும் அந்த ஓரிரு நொடி தாமே அணைந்து திரும்ப வரும். அது இன்வர்ட்டருக்கு நல்லது. செல்ஃப் மோட்டார் சுற்றும்போது பேட்டரி 10 வோல்ட்டுக்கும் கீழே சரியலாம். அந்த நேரத்தில் இன்வர்ட்டர் ஆனில் இருந்தால் 'லோ வோல்ட்' என்று கத்தி அணைந்துவிடும், சில மாடல்கள் கையால் ஆஃப் பண்ணி ஆன் பண்ணும் வரை திரும்ப எழாது.

7. ஓடும்போது தானா ஆன் ஆகணும், ஆனா வண்டிய நிறுத்தி சாவிய எடுத்தப்புறமும் தேவைப்பட்டா கையால போட்டுக்கணும். முடியுமா?

முடியும். கடையில் 'ஆன்-ஆஃப்-ஆன்' என்று கேட்டு மூன்று நிலை டாகிள் ஸ்விட்ச் வாங்குங்கள். அதில் மூன்று கால் இருக்கும். நடுக்கால் இன்வர்ட்டரின் ரிமோட் முனைக்கு. ஒரு ஓரக்காலில் கேள்வி 6-இல் சொன்ன சாவி லைன். மறு ஓரக்காலில் பேட்டரியிலிருந்து 1 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக வரும் நிரந்தர லைன். மேலே தள்ளினால் சாவியோடு சேர்ந்து ஓடும், கீழே தள்ளினால் சாவி இல்லாமலே ஓடும், நடுவில் நிறுத்தினால் முழு ஆஃப்.

இதற்கு இரண்டு சாதாரண ஸ்விட்ச்சைப் போட்டு இரண்டு லைனையும் ஒரே ஒயரில் சேர்த்துவிடலாமே என்று சிலர் செய்கிறார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஆனில் இருந்தால் நிரந்தர லைனின் மின்சாரம் பின்வழியாகச் சாவி லைனுக்குள் ஏறும். சாவியை எடுத்த பிறகும் மீட்டர் விளக்குகள் எரியும், செட் பாடும். எடுத்த லைனைப் பொறுத்து எஞ்சினே நிற்காமல் போகலாம். மூன்று நிலை ஸ்விட்ச்சில் இரண்டு லைனும் சந்திக்கவே வாய்ப்பில்லை. இது 12 வோல்ட் சைகை கேட்கும் இன்வர்ட்டருக்கான முறை. சேர்த்தால் போதும் என்ற ஜாதி என்றால் அடுத்த பதிலையும் பாருங்கள்.

8. சேர்த்தா போதும்ங்கற மாடல். ஆனா எனக்குச் சாவியோட ஆன் ஆகணும். அப்ப?

நடுவில் ஒரு ரிலே வேண்டும். உள்ளே இருக்கும் காயிலுக்குக் கரண்ட் வந்தால் காந்தமாகி முனைகளைச் சேர்க்கும் ஸ்விட்ச் அது. சாதாரண கார் ரிலேயில் 85, 86 என்ற இரண்டு கால்களும் காயில். சாவி லைனை 86-க்கும் பாடி எர்த்தை 85-க்கும் கொடுங்கள். 30, 87 என்ற கால்களை இன்வர்ட்டரின் இரண்டு ஸ்க்ரூவுக்குக் கொண்டுபோங்கள். சாவி போட்டதும் ரிலே இழுத்து இரண்டையும் சேர்க்கும். வண்டியின் 12 வோல்ட் இன்வர்ட்டரின் சைகை முனையைத் தொடவே தொடாது.

காயில் 150 மில்லி ஆம்பியர் அளவுக்கு எடுக்கும், அது விடும்போது எதிர்த்திசையில் ஒரு வோல்ட்டேஜ் உதை கிளம்பும். பக்கத்தில் இருக்கும் எலக்ட்ரானிக்ஸைக் காப்பாற்ற காயிலுக்குக் குறுக்கே, கரண்ட்டை ஒரு திசையில் மட்டும் விடும் 1என்4007 டயோடு ஒன்று போடுங்கள். கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம். டயோடு உள்ளேயே உள்ள ரிலே வாங்கினால் 86-இல் பாசிட்டிவ், 85-இல் நெகட்டிவ் என்பதை மாற்றிவிடக்கூடாது.

9. பெரிய கேபிள் என்ன சைஸ் வாங்கணும்?

பேட்டரிக்கும் இன்வர்ட்டருக்கும் தூரம் 2 மீட்டருக்குள் என்றால் என் கணக்கு இது: 300 வாட்டுக்கு 10 சதுர மிமீ, 600 வாட்டுக்கு 25, 1000 வாட்டுக்கு 35, 2000 வாட்டுக்கு 70. தூரம் இரட்டித்தால் பருமனையும் இரட்டியுங்கள். முடிந்தவரை தூரத்தைக் குறைப்பதே மலிவு. 12 வோல்ட் கேபிளை நீட்டுவதைவிட 230 வோல்ட் ஒயரை நீட்டுவதுதான் புத்திசாலித்தனம், அங்கே ஓடுவது 5 ஆம்பியர்கூட இல்லை.

கேபிள் வாங்கும்போது நுனியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் ஒன்று வெள்ளீயம் பூசிய செம்பு, இல்லையென்றால் செம்பு முலாம் பூசிய அலுமினியம். ஒரு இழையை வெட்டி வெட்டுவாயைப் பார்த்தால் தெரிந்துவிடும்: நடுவில் சிவப்பாக இருந்தால் செம்பு. அலுமினியக் கேபிள் எடை குறைவாக இருக்கும், விலையும் இறங்கியிருக்கும், ஆம்பியர் தாங்காது. கேபிள் நுனியில் மாட்டும் உலோக வளையமான லக்கை ஹைட்ராலிக் கிரிம்ப்பரால் அமுக்கி, மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவைப் போட்டுச் சுருக்குங்கள். சுத்தியலால் தட்டி நசுக்கிய லக், வண்டி அதிரும்போது தளர்ந்து சூடேறும்.

10. ஃபியூஸ் இன்வர்ட்டர் உள்ளேயே இருக்குன்னு போட்டிருக்கான். வெளியில வேற வேணுமா?

கட்டாயம் வேண்டும். உள்ளே இருப்பது இன்வர்ட்டரைக் காக்கும், கேபிளைக் காக்காது. எலி கடித்தோ, சீட் கம்பி உரசியோ கேபிளின் தோல் போய் பாடியில் பட்டால், பேட்டரியிலிருந்து அந்த இடம் வரை ஆயிரக்கணக்கில் ஆம்பியர் பாயும். அதை நிறுத்த ஃபியூஸ் பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். இன்வர்ட்டர் பக்கத்தில் வைத்த ஃபியூஸால் நடுவழிக் கேபிளுக்குப் பயனில்லை.

1000 வாட்டுக்கு, பெரிய கரண்ட்டுக்கென வரும் மெகா அல்லது ஏஎன்எல் வகையில் 125 ஆம்பியர் ஃபியூஸ் பொருந்தும். கையேடு 150 என்றால் 150. லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்கள் 'கிளாஸ் டி' (Class T) ஃபியூஸுக்குச் செலவு செய்யுங்கள். ஷார்ட் ஆகும்போது லித்தியம் பேட்டரி தள்ளும் கரண்ட் மிகப் பெரியது. கிளாஸ் டி 20,000 ஆம்பியரைக்கூடப் பொறி தாண்டாமல் அறுக்கும், மெகா ஃபியூஸின் எல்லை 2,000 அளவில் முடிந்துவிடும்.

11. ரிமோட் பேனலோட ஒயர் பத்தல. வீட்டுல கிடந்த பழைய டெலிபோன் ஒயரைப் போடலாமா?

துளையில் அழகாகப் பொருந்தும், அதுதான் ஆபத்து. டெலிபோனுக்கு விற்கும் தட்டை ஒயர்களில் பலவும் ஒரு முனையில் உள்ள வரிசையை மறுமுனையில் தலைகீழாக மாற்றி வைத்திருக்கும். போனுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. இன்வர்ட்டர் பேனலில் பிளஸ், மைனஸ் இடம் மாறிப் பேனலோ போர்டோ போய்விடலாம்.

கம்பெனி கொடுத்த ஒயரையும் புது ஒயரையும் பக்கத்தில் வைத்து, இரண்டு முனைகளிலும் நிறங்களின் வரிசையை ஒப்பிடுங்கள். நிறத்தை நம்பமுடியாவிட்டால் மல்டிமீட்டரின் பஸ்ஸரில் ஒவ்வொரு காலாகத் தொட்டுப் பாருங்கள். கால்களின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கவேண்டும், 4 கால் ஒயர் 6 கால் துளையிலும் நுழையும்.

12. நெகட்டிவை பேட்டரியில கொடுக்கறதா, பாடியில கொடுக்கறதா?

பழைய வண்டி என்றால் நேராகப் பேட்டரியிலேயே கொடுக்கலாம். புதிய வண்டிகளில் பேட்டரியின் நெகட்டிவ் கிளாம்ப்பில் ஒரு சின்னக் கட்டை போல சென்சார் இருக்கும், அதிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்று போகும். பேட்டரியில் எவ்வளவு போகிறது, எவ்வளவு வருகிறது என்று அளப்பது அதன் வேலை. இன்வர்ட்டர் நெகட்டிவைச் சென்சாரைத் தாண்டி நேராகப் பேட்டரிக் காலில் மாட்டினால் அந்தக் கரண்ட் கணக்கில் வராது. பேட்டரி நிறைந்திருக்கிறது என்று வண்டி நம்பி சார்ஜைக் குறைத்துவிடும். அப்படிப்பட்ட வண்டியில் பேட்டரியின் எர்த் கேபிள் சேஸிஸில் இறங்கும் போல்ட்டிலேயே, பெயின்ட்டைச் சுரண்டி, அதே பருமன் கேபிளால் இணையுங்கள்.

13. கடைசி ஒயரை மாட்டும்போது பட்டுனு பொறி பறக்குது. ஷார்ட்டா?

பெரும்பாலும் ஷார்ட் இல்லை. உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் காலியாக இருந்து, ஒரே மூச்சில் நிரம்புகின்றன. ஸ்விட்ச் ஆஃபில் இருந்தாலும் இது நடக்கும்.

ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் இருக்கும் 12 வோல்ட் 21 வாட் பல்ப் ஒன்றே இதற்குப் போதும். இன்வர்ட்டரை ஆஃபில் வைத்து, கடைசி இணைப்பை முதலில் பல்ப் வழியாகக் கொடுங்கள். பல்ப் ஒரு கணம் பளிச்சிட்டு மங்கி அணைந்தால் கெப்பாசிட்டர் நிரம்பிவிட்டது; பல்பை எடுத்ததும் தாமதிக்காமல் கேபிளை மாட்டலாம். பல்ப் அணையாமல் முழு வெளிச்சத்தில் எரிந்தபடி இருந்தால் மாட்டாதீர்கள். ஒன்று உள்ளே ஷார்ட், இல்லை பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. மாறிய நிலையில் நேராக மாட்டியிருந்தால் இன்வர்ட்டரே போயிருக்கும்.

14. லைட் எரியற ஸ்விட்ச் போட்டேன். ஆஃப் பண்ணாலும் இன்வர்ட்டர் அணைய மாட்டேங்குது!

ஸ்விட்ச்சுக்குள் இருக்கும் எல்இடி வழியாகக் கசிவு போகிறது. சில ஸ்விட்ச்சுகளில் எல்இடி உள்வரும் காலுக்கும் வெளிச்செல்லும் காலுக்கும் நடுவே இருக்கும். ஸ்விட்ச் திறந்திருந்தாலும் அதன் வழியே சில மில்லி ஆம்பியர் ஓடும். சாதாரண விளக்கை எரிக்க அது பத்தாது, ஆனால் கேள்வி 3-இல் சொன்னபடி இன்வர்ட்டருக்குத் தேவையான சைகையே அவ்வளவுதான்.

எல்இடிக்குத் தனி எர்த் கால் உள்ள மூன்று கால் ஸ்விட்ச் வாங்கிப் போடுங்கள். வெளிச்செல்லும் பக்கத்திலிருந்து எர்த்துக்கு எல்இடி எரியும்படி இருந்தால் ஆன் ஆகும்போது மட்டும் விளக்கு வரும், கசிவும் இருக்காது.

15. சில நாள் ஸ்விட்ச் போட்டா ஆன் ஆகுது, சில நாள் ரெண்டு மூணு தடவை தட்டணும். ரிலே புதுசுதான்.

புதிய ரிலேயே காரணமாக இருக்கலாம். 40 ஆம்பியர் ரிலேயின் முனைகள் பெரிய கரண்ட்டுக்காகச் செய்தவை; ஒவ்வொரு தடவையும் எழும் சிறு பொறி முனையில் படியும் மெல்லிய படலத்தை எரித்துச் சுத்தமாக வைக்கும். மில்லி ஆம்பியர் மட்டும் ஓடினால் பொறியே வராது, படலம் தங்கிவிடும், தொட்டும் தொடாத நிலை உண்டாகும். கேள்வி 8-இல் சொன்ன ரிலேயில் இந்தத் தொல்லை வந்தால், 1 அல்லது 2 ஆம்பியர் அளவிலான, முழுக்க மூடிய சின்ன சிக்னல் ரிலேயை மாற்றுங்கள். ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊர்களில் ஓடும் வண்டிக்கு முதலிலேயே இதைப் போட்டுவிடுவது நல்லது.

16. லோ வோல்ட் கட்-ஆஃப் இருக்கே, அப்புறம் பேட்டரி எப்படி இறங்கும்?

அந்தக் கட்-ஆஃப் 10 முதல் 10.5 வோல்ட்டில்தான் வேலை செய்யும். நிறைந்த பேட்டரி ஓய்வில் 12.7 காட்டும், 12.2 வந்தாலே பாதி காலி. லோடு குறைவாக இருக்கும்போது 10.5 வரை காத்திருந்தால் செல்ஃப் அடிக்க மிச்சம் எதுவும் இருக்காது. அடிக்கடி அந்த அளவுக்கு இறக்கினால் செல்ஃப் பேட்டரியின் ஆயுளும் போய்விடும்.

வண்டி நின்றிருக்கும்போது தினமும் பயன்படுத்துபவர்களுக்கு இரண்டாவது பேட்டரி ஒன்றே வழி. பழைய வண்டிகளில், எஞ்சின் ஓடி வோல்ட்டேஜ் 13.3 அளவுக்கு ஏறியதும் இரண்டு பேட்டரிகளையும் சேர்க்கும், 12.8 அளவுக்கு இறங்கினால் பிரிக்கும் ரிலே போதும். ஏப்ரல் 2020-க்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகள் பலவற்றில் எஞ்சின் ஓடும்போதே, அதோடு சுற்றி பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் வோல்ட்டேஜைக் கணினி இறக்கிவிடும். அந்த ரிலே குழம்பிப் பிரியும். அங்கே, உள்வரும் வோல்ட்டேஜ் இறங்கினாலும் இரண்டாவது பேட்டரிக்குத் தேவையானதைத் தரும் டிசி-டிசி சார்ஜர்தான் சரி. ஆல்டர்னேட்டரின் மொத்த அளவே சிறிய கார்களில் 65 முதல் 90 ஆம்பியர், ஐடிலிங்கில் அது வெகுவாகக் குறையும் என்பதையும் கேள்வி 3-இன் கணக்கோடு வைத்துப் பாருங்கள்.

17. லாரி 24 வோல்ட். ஒரு பேட்டரியில மட்டும் 12 வோல்ட் எடுத்து இன்வர்ட்டர் ஓட்டலாமா?

கூடாது. ஒரு பேட்டரி காலியாகும், மற்றது நிறைந்தே இருக்கும். ஆல்டர்னேட்டருக்கு இரண்டும் சேர்ந்த வோல்ட்டேஜ் மட்டுமே தெரியும் என்பதால் நிறைந்தது அதிகச் சார்ஜில் கொதிக்கும், காலியானது நிறையவே நிறையாது. சீக்கிரமே இரண்டையும் மாற்ற வேண்டிவரும்.

24 வோல்ட் இன்வர்ட்டர் வாங்குங்கள். கரண்ட் பாதியாவதால் கேபிளும் ஃபியூஸும் பாதியளவே போதும். ரிலேயின் காயில் 24 வோல்ட்டாக இருக்கவேண்டும், ஸ்விட்ச் எல்இடியும் அப்படியே. ரிமோட் முனை 24 வோல்ட்டை ஏற்குமா என்று கேள்வி 5-இல் சொன்னபடி உறுதி செய்துகொள்ளுங்கள். எல்லா லாரியும் 24 என்று நினைக்கவும் வேண்டாம், முதலில் அளந்து பாருங்கள்.

18. என்னோடதுல ரிமோட் முனையே இல்ல. பிரிச்சு ஸ்விட்ச் ஒயரை நீட்டலாமா?

மூடியைத் திறந்தால் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் டிசி தேங்கி நிற்கும் கெப்பாசிட்டர்கள் இருக்கும். இன்வர்ட்டர் சர்வீஸ் செய்பவரிடம் கொடுத்தால், முன்பக்க ஸ்விட்ச் வெறும் சைகை ஸ்விட்ச்சா என்று பார்த்து அவரால் நீட்டித் தர முடியும். மெயின் கேபிளில் கான்டாக்டர், அதாவது பெரிய கரண்ட் தாங்கும் ரிலே போடுவது இன்னொரு வழி. ஆனால் கேள்வி 13-இல் சொன்ன பொறி ஒவ்வொரு தடவையும் அதன் முனையில் அடித்து, ஒருநாள் ஒட்டிக்கொள்ளும். தடுக்க, கெப்பாசிட்டர்களை முன்கூட்டியே மெதுவாக நிரப்பும் தனி ப்ரீ-சார்ஜ் அமைப்பு வேண்டும். அந்தச் செலவுக்கு ரிமோட் வசதி உள்ள இன்வர்ட்டராக மாற்றிக்கொள்வது மேல்.

19. மின்சார காருக்கும் இதே முறையா?

இதில் கை வைக்கவேண்டாம். அதில் உள்ள 12 வோல்ட் பேட்டரி கணினிகளை எழுப்புவதற்கான சின்ன பேட்டரி. அதை இறக்கிவிட்டால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் கார் கிளம்பாது. ஆரஞ்சு நிறக் கேபிள்கள் உயர் மின்னழுத்தம், தொடவே கூடாது. ஹூண்டாய் ஐயானிக் 5 போன்ற சில கார்களில் நேராக 230 வோல்ட் தரும் வி2எல் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

20. வேன்ல பாதுகாப்புக்கு ஆர்சிசிபி மாட்டினேன். டெஸ்ட் பல்பை எர்த்தில வச்சா ட்ரிப்பே ஆகல. ஏன்?

ஆர்சிசிபி என்பது கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் லைனை அறுக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச். வீட்டில் நியூட்ரல் மண்ணோடு இணைந்திருக்கும். கசியும் கரண்ட் எர்த் வழியாகத் திரும்ப வழி உண்டு, ஆர்சிசிபி அதைக் கண்டு அறுக்கும். வண்டி இன்வர்ட்டர்கள் பலவற்றில் வெளிவரும் இரண்டு ஒயர்களில் எதுவும் பாடியோடு இணைந்திருக்காது, சிலவற்றில் இரண்டுமே பாடிக்கு 115 வோல்ட் அளவு காட்டும். திரும்பும் பாதை இல்லாததால் ஆர்சிசிபி எதையும் உணர்வதில்லை.

அதற்காக ஒரு ஒயரை எடுத்து 'இதுதான் நியூட்ரல்' என்று பாடியில் இணைத்துவிடாதீர்கள். வெளியீடு பேட்டரி நெகட்டிவிலிருந்து பிரிக்கப்படாத மலிவு மாடல்களில் அந்த நொடியே இன்வர்ட்டர் எரிந்துபோகும். நியூட்ரலை எர்த்தோடு இணைக்கலாம் என்று கையேட்டில் தெளிவாக எழுதியிருக்கும் மாடலில் மட்டும் அதில் சொன்ன இடத்தில் செய்யுங்கள். இன்வர்ட்டர் பெட்டியின் எர்த் ஸ்க்ரூவைச் சேஸிஸோடு இணைப்பது வேறு விஷயம். கையேட்டில் சொன்ன பருமனில் அதை அவசியம் செய்யவேண்டும்.

21. ரிமோட்டை ஆஃப் பண்ணிட்டு பிளக் பாயின்ட் வேலை பாக்கலாம்ல?

வேண்டாம். ரிமோட் ஆஃப் என்பது தூங்கும் நிலை. பெரிய கேபிளில் பேட்டரி வோல்ட்டேஜ் எப்போதும் இருக்கும், மூன்று நிலை ஸ்விட்ச் சாவி லைன் பக்கம் தள்ளியிருந்தால் யாராவது சாவியைத் திருப்பினாலே 230 வோல்ட் வந்துவிடும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், ஐந்து நிமிடம் விடுங்கள், பிளக் பாயின்ட்டில் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

22. எல்லாம் மாட்டியாச்சு. முதல் தடவை எந்த வரிசையில போட்டுப் பாக்குறது?

லோடு எதையும் சொருகாமல், ரிமோட் ஆஃபில், பல்ப் சோதனையோடு பேட்டரியை இணையுங்கள். ரிமோட்டை ஆன் செய்து பிளக் பாயின்ட்டில் 230 வருகிறதா என்று அளங்கள். மலிவு மாடல்களின் சதுர அலையில் சாதாரண மீட்டர் கூடவோ குறையவோ காட்டலாம், அதைக் கண்டு பயப்படவேண்டாம். ஆஃப் செய்து முழுக்க அணைகிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு 60 வாட் குண்டு பல்ப், அதற்குப் பிறகே மிக்ஸி மாதிரி மோட்டார் சாமான்கள்.

எஞ்சினை ஓடவிட்டு முக்கால் லோடில் 15 நிமிடம் ஓட்டியபின், ரிமோட்டை அணைத்து, சூடு ஆறும் முன் லக், ஃபியூஸ் ஹோல்டர், கேபிள் மூன்றின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் அந்த இணைப்பைப் பிரித்துத் திரும்ப அமுக்கவேண்டும். கடைசியாக, ரிமோட் ஆஃபில், இன்வர்ட்டர் கேபிளில் மட்டும் டிசி கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பாருங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டினால் வண்டியை வாரக் கணக்கில் நிறுத்தினாலும் இன்வர்ட்டரால் பேட்டரி இறங்காது. அரை ஆம்பியர் காட்டினால் அது தூங்கவில்லை, கேள்வி 14-க்குப் போங்கள்.